பால்மரத்து மண்ணிலிருந்து தக்காளி தேடி… இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

பேராக் விவசாயி ஒருவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு? தக்காளி பார்க்க! "ஈப்போ மார்க்கெட்டில் இல்லாத தக்காளியா? அதைப் பார்க்கவா வெளிநாடு?" என்று வீட்டில் கேட்கத்தான் செய்வார்கள். அவர்கள் கையில் இந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். படித்து முடிப்பதற்குள் "எனக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் போடு" என்பார்கள்!

வெறும் 9 கன்றுகள்!

முதலில் நம் வீட்டு வாசலிலேயே ஒரு அதிசயம். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கப்பலேற்றிய ரப்பர் விதைகள் எத்தனை தெரியுமா? சுமார் 70,000! லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை? ஏறத்தாழ 2,700தான்! நூற்றுக்கு நான்குகூடத் தேறவில்லை. எண்ணெய்ச் சத்து நிறைந்த விதை அல்லவா, சில வாரங்களிலேயே உயிர் போய்விடும்!

அடுத்த ஆண்டு, 1877-இல், சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கன்றுகள் 22. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. பேராக்கின் ரெசிடெண்ட் ஹியூ லோ அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் நட்டார். அவற்றில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது, தெரியுமா? மாவட்ட நில அலுவலகத்துப் பக்கம் போனால் கண்ணாரப் பார்க்கலாம். நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றதும், மங்கு கழுவியதும், பால் வெட்டியதும் இப்படிக் கடல் கடந்து வந்த சில கன்றுகளின் கதைதான்!

பையில் விதை வைத்திருந்த 'பைத்தியம்'!

சிங்கப்பூர் தாவரத் தோட்டத்து இயக்குநர் ஹென்றி ரிட்லிக்குத் துரைமார்கள் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'பைத்தியக்கார ரிட்லி'! சட்டைப் பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு, கண்ணில் பட்ட காப்பித் தோட்டக்காரரிடமெல்லாம் "இதை நட்டுப் பாருங்கள்" என்று கெஞ்சுவாராம். எல்லோரும் சிரித்தார்கள்! மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துக் கொடுத்தவரும் அவரே. 1855-இல் பிறந்தவர் 1956 வரை இருந்தார். நூறு வயது! சிரித்தவர்களின் நிலமெல்லாம் பால்மரக் காடானதை ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் போனார்!

அந்தக் காடும் இப்போது பெரும்பாலும் செம்பனையாகிவிட்டது. அது வேறு கதை. நாம் தக்காளிக்கு வருவோம்.

பகலா, இரவா? யார் எதிரி?

ஈப்போவில் சாதாரணத் தக்காளி ரகத்தை நட்டுப் பாருங்கள். செடி தளதளவென்று வளரும். பூவும் கொத்துக் கொத்தாய் வரும். காய் மட்டும் பிடிக்காது! ஏன் தெரியுமா? நம் வெயிலைத் திட்டுவோம், ஆனால் பெரிய எதிரி ராத்திரி! இரவு வெப்பம் 21 டிகிரிக்கு மேல் போகப் போக மகரந்தம் வீரியம் இழக்கும், பூ கொட்டிவிடும். ஈப்போவின் இரவோ 23, 24 டிகிரி!

அதனால்தான் தக்காளி மலை ஏறிவிட்டது. சிம்பாங் பூலாயில் திரும்பியோ தாப்பாவில் திரும்பியோ கேமரன் மலைக்குப் போனால், 1,000 மீட்டருக்கு மேலே சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரைகள், கூரைக்கடியில் தக்காளி! மலை இருப்பது பகாங்கில், மலைக்குப் போகும் வழி மட்டும் நம் பேராக்கில். என்ன நியாயமோ!

இரண்டாவது எதிரி மண்ணுக்குள் இருக்கிறது. பாக்டீரியா வாடல் நோய்! காலையில் பச்சைப் பசேலென்று நின்ற செடி மாலையில் தலையைத் தொங்கப் போடும். சில நாளில் பச்சையாகவே செத்துப்போகும்! கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு கண்ணாடி டம்ளர் போதும் என்பது தெரியுமா? வாடிய தண்டை வெட்டி, வெட்டுப்பட்ட முனையைத் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் நிறத்தில் இழை இழையாக இறங்குகிறதா? அத்தனையும் கிருமி!

நம் நாட்டு வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி தொடங்கியது 1969-இல். சமவெளி வெப்பத்தையும் இந்த வாடலையும் தாங்கும்படி அது உருவாக்கிய ரகத்துக்கு எம்டி1 என்று பெயர். பெயரில் கவர்ச்சி இல்லைதான். காய் பிடிக்கிறதே, அது போதாதா!

மழை கொட்டும் ஊரில் சொட்டு நீரா?

தைப்பிங்கில் ஆண்டுக்கு எவ்வளவு மழை தெரியுமா? சுமார் 4,000 மில்லிமீட்டர்! சென்னையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு! அப்படிப்பட்ட மாநிலத்தில் சொட்டுநீர்ப் பாசனம் எதற்கு என்று கேட்கிறீர்களா?

இங்கேதான் வேடிக்கை! மழை அதிகமானால் தக்காளி வெடிக்கும், இலையில் பூஞ்சை ஏறும், வாடல் கிருமி தண்ணீரோடு வரிசை வரிசையாய்ப் பரவும். அதனால் நம் விவசாயி என்ன செய்கிறார்? வானத்துத் தண்ணீரைக் கூரை போட்டுத் தடுக்கிறார்! பிறகு கூரைக்கடியில் பையில் நிற்கும் செடிக்கு மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விடுகிறார்! கூடவே உரத்தையும் கரைத்து விடுகிறார். இதுதான் ஊரெல்லாம் சொல்லும் 'பெர்ட்டிகேஷன்'. மண்ணே கிடையாது, பை நிறையத் தேங்காய் நார்த்தூள். மண்ணில்லை என்றால் மண்ணிலிருந்து வரும் வாடலும் எளிதில் அண்டாது!

அந்தத் தேங்காய் நார்த்தூளை உலகுக்கு மிகுதியாக ஏற்றுமதி செய்பவை இந்தியாவும் இலங்கையும் என்பது தெரியுமா? பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் கழிவாக மலைபோல் குவிந்து கிடந்த தூள், இன்று ஐரோப்பியக் கண்ணாடிக் கூடங்களில் தக்காளிக்குத் தாய்மடி!

தைவானில் 65,000 விதைப் பொட்டலங்கள்!

நம் விவசாயி முதலில் இறங்க வேண்டிய இடம் எது என்று என்னைக் கேட்டால் தைவான்தான் என்பேன். நெதர்லாந்து இல்லை. காரணம், அங்கேயும் நம்மைப் போலவே வெப்பம், வெள்ளம், வாடல்!

தைனான் அருகே ஷான்ஹுவா என்ற ஊரில் 1971-இல் நிறுவப்பட்ட உலகக் காய்கறி மையம் இருக்கிறது. அதன் விதை வங்கியில் எத்தனை வகை மாதிரிகள் தெரியுமா? 65,000-க்கும் மேல்! 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சேர்ந்தவை! தக்காளி மட்டுமே பல ஆயிரம்! வெப்ப மண்டலத்தில் காய் பிடிக்கும் தக்காளி வேண்டும் என்று பல ஆண்டுகளாக மல்லுக்கட்டும் இடம் இது.

அங்கே போய்ப் பார்க்க வேண்டியது என்ன தெரியுமா? கத்தரிக்காய்க் காலில் நிற்கும் தக்காளி!

ஆமாம்! தக்காளிக்கு வேர் பலவீனம். இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் தள்ளாடும். கத்தரிக்கு அசாத்திய வேர். பல நாள் வெள்ளத்தில் நின்றாலும் தாங்கும், வாடலையும் எதிர்க்கும். அதனால் கத்தரி நாற்றின் அடிப்பாகத்தையும் தக்காளி நாற்றின் மேல்பாகத்தையும் வெட்டி ஒட்டிவிடுகிறார்கள்! தண்டின் தடிமன் எவ்வளவு? வெறும் 2 மில்லிமீட்டர்! பிளேடால் 30 டிகிரி சாய்வாக வெட்டு. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு சின்னக் குழாய்த் துண்டு, நீளம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்தக் குழாய் எதனால் ஆனது தெரியுமா?

ரப்பர் பாலால்!

கோலகங்சார் மரத்தின் சொந்தக்காரப் பால், தக்காளிக்குக் கட்டுப் போடுகிறது! ஒட்டிய நாற்றை இருட்டான, ஈரப்பதம் நிறைந்த கூடாரத்தில் சில நாள் வைக்கிறார்கள். காயம் ஆறுகிறது. செடி வளர வளரக் குழாய் தானே கழன்று விழுந்துவிடுகிறது! நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புதுசா என்ன? பால்மரத்திலேயே பட்டையை உரித்து மொட்டு ஒட்டிய கைகள் ஆயிற்றே! ஒட்டுக்கன்று நாற்றங்காலில் வேலை செய்த ஒரு பாட்டியைத் தைவானுக்கு அனுப்பினால், அரை மணி நேரத்தில் அவர்களுக்கே பாடம் எடுத்துவிட்டு வருவார் என்பது என் கணிப்பு!

வியட்நாமின் லாம் டோங் மலைப் பகுதியில் இந்த ஒட்டு நாற்று எப்படிப் பரவியிருக்கிறது தெரியுமா? தக்காளி பயிரிடுபவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே ஒட்டுக்கன்றுதான் நடுகிறார்கள்! அங்கே அடியில் நிற்பது பெரும்பாலும் ஹவாய் 7996 என்ற, வாடலுக்கு அசைந்து கொடுக்காத தக்காளி. தக்காளி மேல் தக்காளி!

ஒரே செடியில் சாம்பாரும் ரசமும்!

வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் 2021-இல் செய்து காட்டியது இன்னும் விசேஷம். ஒரே வேரில் ஒரு கிளை கத்தரி, ஒரு கிளை தக்காளி! பெயர் 'பிரிமேட்டோ'. ஒரு செடியில் 2.38 கிலோ தக்காளி, 2.68 கிலோ கத்தரிக்காய்! அதற்கு முன்பே தரைக்கு மேலே தக்காளி, கீழே உருளைக்கிழங்கு என்று 'பொமேட்டோ'வும் செய்துவிட்டார்கள்! வயலுக்கு லாபமோ இல்லையோ, மாடித் தோட்டத்துக்கு ரொம்பப் பொருத்தம்.

திருச்சிக்கு ஒரு டிக்கெட் போதும்!

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறப்பது நமக்குப் பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரிதானே? அங்கிருந்து திண்டுக்கல் அருகே ரெட்டியார்சத்திரம். இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் உருவான காய்கறி மகத்துவ மையம் அங்கேதான் இருக்கிறது, தெரியுமா? குழித்தட்டு நாற்று, நிழல்வலைக் குடில், சொட்டுநீர் என எல்லாமே தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்! மலேசியக் கடப்பிதழில் இஸ்ரேல் தவிர மற்ற நாடுகளுக்குச் செல்லும் என்றல்லவா அச்சிட்டிருக்கிறது? ஆனால் நுட்பத்துக்கு ஏது கடப்பிதழ்!

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயி சொட்டுநீர் அமைத்தால் அரசு மானியம் எவ்வளவு தெரியுமா? 100 சதவீதம்! மற்றவர்களுக்கு 75!

அப்படியே தேனிப் பக்கம் போனால் பெரியகுளம். பிகேஎம் 1 என்ற புகழ்பெற்ற தக்காளி பிறந்த ஊர். அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் மரபுத் திடீர் மாற்றத்தைத் தூண்டி, அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் அது. கிராமத்துத் தக்காளி கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கி வந்துவிட்டது!

பெங்களூரு ஹெசரகட்டாவில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த அர்கா ரக்ஷக்கைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் என மூன்று நோயையும் ஒரே செடி எதிர்க்கிறது! கர்நாடக விவசாயி ஒருவர் அரை ஏக்கரில் 2,000 செடி வைத்து எடுத்தது 38 டன்! செடிக்கு 19 கிலோ! மூச்சு வாங்குகிறதா? கொஞ்சம் பொறுங்கள், இன்னும் இருக்கிறது.

ஒரு பூ, ஒரு இடுக்கி, ஒரு பொறுமை!

ஒட்டு ரகம் வேறு, வீரிய ரகம் வேறு. வீரிய விதை எப்படி உருவாகிறது தெரியுமா? இயந்திரமே கிடையாது! தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. பூ விரிவதற்கு முன்பே மொட்டைப் பிரித்து, இடுக்கியால் மகரந்தப் பைகளைப் பிய்த்தெடுக்க வேண்டும். மறுநாள் வேறு ரகத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். எந்தப் பூவுக்கு வைத்தோம் என்று எப்படித் தெரியும்? புல்லி இதழில் இரண்டைக் கத்தரித்து விடுகிறார்கள். அதுதான் அடையாளம்! பழுத்த பின் இதழ் வெட்டுப்பட்ட பழத்தை மட்டும் பறிக்கிறார்கள்!

கர்நாடகத்தின் ராணிபென்னூர் வட்டாரம் இந்த வேலைக்குப் பேர்போனது. பூப்பூவாய்க் குனிந்து செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு கிராமில் சுமார் 300 விதைகள் இருக்கும். அடுத்த முறை விதைப் பாக்கெட் விலையைப் பார்த்து முகம் சுளிக்கும் முன் அந்த இடுக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்!

உருளைக்கிழங்கு தேடப் போய்…

தக்காளியின் காட்டு முன்னோர் எவ்வளவு பெரிசு தெரியுமா? சுண்டைக்காய் அளவு! எடை ஏறக்குறைய ஒரு கிராம்! தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் இன்றும் களையாக வளர்கிறது. 2020-இல் அமெரிக்காவில் பறித்த ஒரு சாதனைத் தக்காளியின் எடை? 4.896 கிலோ! ஒற்றைப் பழம்!

1962-இல் இரண்டு அமெரிக்கத் தாவரவியலாளர்கள் பெரு நாட்டு மலையில் காட்டு உருளைக்கிழங்கைத் தேடி அலைந்தார்கள். வழியில் ஒரு களைத் தக்காளி கண்ணில் பட்டது. பார்க்கச் சகிக்காத பழம். போகிற போக்கில் விதையை எடுத்து, 832 என்று எண் போட்டு, கலிபோர்னியாவில் சார்லஸ் ரிக் என்ற தக்காளி ஆராய்ச்சியாளருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அதை நாம் பயிரிடும் தக்காளியோடு தலைமுறை தலைமுறையாய்க் கலந்தார். 1980 வாக்கில் என்ன கிடைத்தது தெரியுமா? சர்க்கரையும் சதைப்பற்றும் கூடிய தக்காளி! சாஸ் தொழிலுக்கு அதனால் ஆண்டுக்கு 80 லட்சம் டாலர் லாபம் என்று கணக்கிட்டார்கள்! களையா அது?

ஆமை வயிற்றில் முளைத்த ரகசியம்!

இதே ரிக் கலாபகஸ் தீவுகளுக்குப் போனார். 1835-இல் டார்வினும் மாதிரி சேகரித்த தீவுத் தக்காளி அங்கே உண்டு. விதையைக் கொண்டுவந்து விதைத்தால் முளைக்கவே இல்லை! என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் எது முளைக்க வைத்தது தெரியுமா? ராட்சத ஆமை! பழத்தை ஆமைக்குத் தின்னக் கொடுத்தார்கள். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து ஆமைச் சாணத்தில் வந்த விதை ஜோராக முளைத்தது! 1961-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டுவிட்டார்!

அந்தத் தீவுத் தக்காளி கடல் அலையிலிருந்து சில மீட்டர் தூரத்தில், உப்புக் காற்றிலேயே வாழ்கிறது என்பது கொசுறுச் செய்தி. காம்பில் முட்டு இல்லாமல் பழம் சுத்தமாகக் கழன்று வரும் குணமும் அங்கிருந்து வந்ததே. இயந்திர அறுவடைக்கு அது எவ்வளவு தோது தெரியுமா? பழத்தோடு காம்பு வராது, மற்றப் பழத்தைக் குத்தாது!

நமக்கு 20,000, தக்காளிக்கு?

2012-இல் தக்காளியின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து முடித்தார்கள். மரபணுக்கள் எத்தனை தெரியுமா? ஏறத்தாழ 35,000! மனிதனுக்கு 20,000 சொச்சம்தான்! நம்மைவிடத் தக்காளிக்கு அதிகம்! 14 நாடுகள் சேர்ந்து செய்த வேலையில் ஐந்தாவது குரோமோசோம் இந்தியாவின் பங்கு. படிக்க எடுத்துக்கொண்ட ரகம் எது? ஹெய்ன்ஸ் 1706! ஆமாம், சாஸ் பாட்டிலில் பார்க்கிற அதே ஹெய்ன்ஸ்!

ஆலைப் புகையைத் தின்னும் தக்காளி!

இப்போது நெதர்லாந்து! கண்ணாடிக் கூடத்தில் ஒரு சதுர மீட்டரில் 50 கிலோவுக்கு மேல் தக்காளி எடுக்கிறார்கள். ஏக்கர் கணக்கில் சொன்னால்? 200 டன்! இந்தியாவின் சராசரி ஏக்கருக்குப் பத்து டன்தான்!

சரி, தண்ணீர்? உலகச் சராசரியில் ஒரு கிலோ தக்காளிக்குச் செலவாகும் தண்ணீர் சுமார் 214 லிட்டர். நெதர்லாந்தில்? ஒன்பது, பத்து லிட்டர்! கூரையில் விழும் மழையைச் சேமிக்கிறார்கள், செடி குடித்தது போக வடிந்த தண்ணீரையும் பிடித்துச் சுத்தம் செய்து மறுபடி குடிக்க வைக்கிறார்கள்! கொடி ஒரே பருவத்தில் பத்து மீட்டரைத் தாண்டி நீள்கிறது. மேலே கட்டிய கயிற்றை இறக்கி இறக்கிக் கொடியைப் பக்கவாட்டில் சாய்த்துவிடுகிறார்கள். பறிப்பவர் தண்டவாளத்தில் ஓடும் வண்டியில் நின்றபடி பறிக்கிறார்!

இன்னொன்று கேளுங்கள். ரோட்டர்டாம் அருகே பெர்னிஸ் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெளியேற்றும் கரியமில வாயுவில் ஒரு பகுதி 2005 முதல் எங்கே போகிறது தெரியுமா? குழாய் வழியாகக் கண்ணாடிக் கூடங்களுக்கு! செடிகள் அதைச் சுவாசித்துப் பழமாக்குகின்றன!

கூடத்துக்குள் மகரந்தத்தை யார் சேர்க்கிறார்கள்? தக்காளிப் பூவின் மகரந்தம் சின்னத் துளை வழியே உதிரும். பூவை அதிர வைத்தால்தான் வரும். முன்பு ஆட்கள் மின்சார அதிர்வுக் கருவியோடு கொத்துக் கொத்தாய்த் தொட்டுக்கொண்டே போவார்களாம்! 1980-களில் பெல்ஜியத்துக் கால்நடை வைத்தியர் ஒருவருக்கு யோசனை வந்தது. பம்பிள் வண்டு எனும் குண்டுத் தேனீக்களை வளர்த்து அட்டைப் பெட்டியில் விற்க ஆரம்பித்தார்! அவை பூவைக் கவ்விக்கொண்டு 'கும்'மென்று அதிர்கின்றன, மகரந்தம் கொட்டுகிறது! சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை!

மெச்சத்தான் வேண்டும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் குளிருக்குப் பயந்து கட்டிய கூடம் அது. அப்படியே பெயர்த்து வந்து பத்து காஜாவில் வைத்தால் அடுப்புதான்!

கசிந்த குழாயும் கத்தும் செடியும்!

சொட்டுநீரின் கதை தெரியுமா? சிம்கா பிளாஸ் என்ற நீர்ப் பொறியாளர் 1930-களில் ஒரு வரிசையில் ஒரு மரம் மட்டும் ஓங்கி நிற்பதைப் பார்த்தார். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை! தோண்டிப் பார்த்தால் அடியில் குழாய் இணைப்பு கசிகிறது. சொட்டு… சொட்டு! அந்தக் கசிவு அவர் மண்டையில் முப்பது வருடம் சொட்டிக்கொண்டே இருந்தது. மலிவான பிளாஸ்டிக் வந்த பிறகு, 1965-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்து ஹட்சேரிம் குடியிருப்பில் தொழிலாகவே தொடங்கிவிட்டது!

அதற்கும் முன்பு? சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் எழுதிய வேளாண் நூலில் மண்பானையைப் புதைத்துத் தண்ணீர் கசிய விடும் முறை இருக்கிறது! குழாய்க்குப் பதில் பானை, அவ்வளவுதான்!

இதைக் கேளுங்கள், நம்பவே மாட்டீர்கள். தாகம் எடுத்த தக்காளிச் செடி சத்தம் போடும், தெரியுமா? 2023-இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்து காட்டினார்கள். தண்ணீர் போதாத செடி மணிக்கு 30 முதல் 50 முறை 'டிக் டிக்' என்கிறது! தண்ணீர் குடித்த செடி மணிக்கு ஒரு முறைகூடக் கத்துவதில்லை! நமக்கு ஏன் கேட்கவில்லை? 40 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகும் ஒலி அது. மனிதக் காது 20-ஓடு சரி. நாம் தண்ணீர் விட மறந்த நாளெல்லாம் செடி நம்மைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறது!

கடல் நீரில் பாலைவனத் தக்காளி!

தெற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் அகஸ்டா என்ற வறண்ட ஊர். 2016-இல் அங்கே 20 ஹெக்டேரில் ஒரு தக்காளிப் பண்ணை தொடங்கியது. ஆற்று நீர் இல்லை, கிணறு இல்லை. 23,000 கண்ணாடிகள் சூரிய ஒளியை ஒரு கோபுர உச்சிக்குத் திருப்புகின்றன! அந்தச் சூட்டில் கடல் நீர் நன்னீராகிறது! அதைக் குடித்து வளரும் செடிகள் 1,80,000!

தக்காளி மரம் பார்த்திருக்கிறீர்களா?

அமெரிக்காவின் புளோரிடாவில், டிஸ்னியின் எப்காட் பூங்காவில் ஒரே செடி, 2005-06-இல், எத்தனை பழம் தந்தது? 32,194! எடை 522 கிலோ! பந்தல் முழுக்கப் படர்ந்து மேலிருந்து பழம் பழமாய்த் தொங்கியது! அந்த விதை எங்கே கிடைத்தது தெரியுமா? பூங்காவின் வேளாண் நிபுணர் பெய்ஜிங் போயிருந்தபோது இப்படி ஒரு செடியைப் பார்த்து வாய் பிளந்து, விதை வாங்கி வந்தார்! வெளிநாட்டுப் பயணம் வீண் என்று யார் சொன்னது!

விண்வெளிக்கும் போய்விட்டது!

1984-இல் நாசா விண்ணுக்கு அனுப்பிய தக்காளி விதைகள் எத்தனை? ஒரு கோடியே 25 லட்சம்! ஒரு வருடத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். சேலஞ்சர் விபத்தால் தள்ளிப் போய் 1990-இல்தான் பூமிக்கு வந்தன! பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். முளைத்தனவா? முளைத்தன!

விண்வெளி நிலையத்தில் பிராங்க் ரூபியோ என்ற வீரர் தாம் வளர்த்த குட்டித் தக்காளியைப் பறித்தார். மிதந்து எங்கோ போய்விட்டது! "நீதான் தின்றிருப்பாய்" என்று கூட இருந்தவர்கள் மாதக்கணக்கில் கேலி செய்தார்கள். 371 நாள் இருந்துவிட்டு அவர் பூமிக்குத் திரும்பிய பிறகு, 2023 டிசம்பரில், வற்றிச் சுருங்கிய நிலையில் தக்காளி அகப்பட்டது! பாவம் மனிதர், கடைசியில் நிரபராதி!

நாம் போவது இருக்கட்டும், அவர்கள் வருகிறார்களே!

தமிழ்நாடு அரசு 2023-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் ஓர் அறிவிப்பு செய்தது. முன்னோடி விவசாயிகள் 150 பேரை 3 கோடி ரூபாய் செலவில் வெளிநாட்டுக்கு அழைத்துப் போய்த் தொழில்நுட்பம் காட்டப்போவதாகச் சொன்னது. இஸ்ரேல், நெதர்லாந்து, தாய்லாந்து, எகிப்து என்று நீளும் பட்டியலில் இன்னொரு நாடும் இருந்தது. எது தெரியுமா? மலேசியா! 2025-இல் இன்னொரு அறிவிப்பு, 100 பேர், நெல் பார்க்க ஜப்பான், சீனா, வியட்நாம்!

அவர்கள் பேராக் பக்கம் வந்தால் எதைக் காட்டுவீர்கள்? கேமரன் மலைக்கு ஏற்றிவிடுவதற்கு முன் கிரியான் பக்கம் கூட்டிப் போங்கள். 1906-இல் கட்டி முடித்த புக்கிட் மேரா அணை அங்கே இருக்கிறது. நாட்டின் மிகப் பழைய பெரிய பாசனத் திட்டம் அது. பாகான் செராய், பாரிட் புந்தார் வட்டாரத்தில் 20,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நெல் வயலுக்கு இன்றும் தண்ணீர் தருகிறது! அந்த ஏரியின் நடுவே என்ன ஓடுகிறது தெரியுமா? ரயில்! இருபுறமும் தண்ணீர், நடுவில் தண்டவாளம்! ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த் ரயிலில் ஏற்றி, ஜன்னல் ஓர இருக்கை பிடித்துக் கொடுங்கள். கையில் கொறிக்க ஒரு பொட்டலம் கச்சான் இருந்தால் இன்னும் விசேஷம்!